கருத்துரு ஓவியர்

கருத்துரு ஓவியர் என்பவர் திரைப்படம், இயங்குபடம், நிகழ்பட விளையாட்டு, வரைகதை முதலியவற்றில் இடம்பெறவுள்ள பாத்திரம், பொருள் அல்லது இடத்தின் தோற்றத்தை, அது உருவாக்கப்படுவதற்கு முன்பே வரைந்து தீர்மானிக்கும் ஓவியர் ஆவார். திரைத்துறையிலும் விளையாட்டு மென்பொருள் துறையிலும் இவர் கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட் என்றே பெரும்பாலும் அழைக்கப்படுகிறார். உலகில் இல்லாத உயிர்களும் பொறிகளும் தேவைப்படுவதால், கனவுருப்புனைவு, அறிபுனை ஆகிய இரு வகைப் படைப்புகளிலும் இவரது பணி இன்றியமையாததாகும். இக்கட்டுரை இவ்விரு வகைகளுக்கான பாத்திர வடிவமைப்பையும், அது தமிழ்நாட்டில் வளர்ந்த விதத்தையும் விளக்குகிறது.

வரையறை

கதை ஓவியருக்கும் கருத்துரு ஓவியருக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. கதை ஓவியரின் படம் அச்சாகி நேரே வாசகரிடம் செல்கிறது. அதுவே முடிந்த பொருள். கருத்துரு ஓவியரின் படம் வாசகருக்காகவோ பார்வையாளருக்காகவோ வரையப்படுவதன்று. தையற்காரர், ஒப்பனையாளர், தச்சர், முப்பரிமாண வடிவமைப்பாளர், இயங்குபடக் கலைஞர் ஆகியோருக்கு, எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லும் பணி அறிவுறுத்தல் அது. எனவே ஒரு கருத்துருப் படம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைவிட, அதைப் பார்த்து மற்றொருவர் ஐயமின்றிப் பொருளைச் செய்ய முடிகிறதா என்பதே அதன் தரத்தைத் தீர்மானிக்கிறது.

இத்தொழிலின் சிக்கல்களும் இங்கிருந்தே தோன்றுகின்றன. பல கைகள் மாறிய பின்னரே உருவம் திரைக்கு வருவதால், அதை முதலில் எண்ணியவரின் பெயர் மக்களுக்குத் தெரியாமல் போவது வழக்கமாக உள்ளது.

முன்னோடி மரபுகள்

இல்லாத உருவத்தை அளவுகளுடன் வரையறுத்துப் பிறர் கையில் ஒப்படைக்கும் வழக்கம் தமிழகத்தில் தொன்மையானது. சிற்ப நூல்கள் உருவத்தின் உயரத்தைத் தாளம் என்ற அலகால் அளக்கின்றன. ஒரு தாளம் என்பது முகத்தின் நீளம். அது 12 அங்குலங்களாகப் பகுக்கப்படும். இங்கு அங்குலம் என்பது நிலையான நீளமன்று, உருவத்தின் அளவைப் பொறுத்து மாறும் விகித அலகாகும். சிவன், திருமால் ஆகியோருக்கு 124 அங்குலம் கொண்ட உத்தம தச தாளமும், குறுகிய உடலுடைய பிள்ளையாருக்குப் பஞ்ச தாளமும் கூறப்படுகின்றன. இன்றைய பாத்திர வடிவமைப்பிலும் இதே முறை வேறு பெயரில் பின்பற்றப்படுகிறது. இயல்பான மனித உருவம் ஏழரைத் தலை உயரம், வீரப் பாத்திரம் எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட தலை உயரம், சிறுவர் நான்கு முதல் ஐந்து தலை உயரம் என்று ஓவியர்கள் கணக்கிடுகின்றனர்.

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலின் தூண்களில் பாயும் நிலையில் அமைந்த சிங்க உருவங்களும், வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் உள்ள யாளிகளும் கற்பனை விலங்குகளுக்குத் தமிழ்ச் சிற்பிகள் கொடுத்த வடிவங்களாகும்.

வட தமிழ்நாட்டின் கட்டைக்கூத்து மற்றொரு முன்னோடி ஆகும். எடை குறைந்த மரத்தில் செய்த கிரீடம், தோளணி, மார்பணி ஆகியவற்றையே கட்டை என்ற சொல் குறிக்கிறது. அணிகளின் அளவும் முக வண்ணமும் பாத்திரத்தின் தகுதியையும் இயல்பையும் தெரிவிக்கின்றன. இரவு முழுவதும் விளக்கொளியில் நிகழும் ஆட்டத்தை, கடைசி வரிசையில் இருப்பவரும் பார்த்தவுடன் யார் வந்திருப்பது என அறிய வேண்டும். புறவடிவத்தைப் பெரிதாக்குவதன் காரணம் இதுவே. 1990இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கம் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் இயங்கி வருகிறது.

தமிழ்நாட்டில் அச்சும் திரையும்

1947 சூலையில் தொடங்கிய அம்புலிமாமா சிறுவர் இதழ், அரக்கர், பூதம், வேதாளம் ஆகியவற்றுக்கு ஒரு தலைமுறையின் மனத்தில் நிலையான முகங்களைத் தந்தது. 1952இல் அவ்விதழில் சேர்ந்த ஓவியர் சங்கர் என்கிற கே. சி. சிவசங்கரன் (1924–2020), வேதாளத்தைத் தோளில் சுமந்து வாளுடன் நடக்கும் விக்கிரமாதித்தனின் படத்தால் பரவலாக அறியப்பட்டார். அவர் மறைந்த பின்னர், 2021இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது.

அம்புலிமாமாவை நடத்திய பி. நாகிரெட்டி, சக்கரபாணி ஆகியோரே விஜயா புரொடக்சன்சு நிறுவனத்தையும் நடத்தினர். அந்நிறுவனம் சென்னையில் உருவாக்கிய மாயாபஜார் (1957) தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்த கனவுருப்புனைவுப் படமாகும். மாதவபெத்தி கோகலே, கலாதர் ஆகியோர் அதன் கலை இயக்குநர்களாகப் பணியாற்றினர். அதற்கு முன்னர் ஜெமினி நிறுவனத்தின் சந்திரலேகா (1948) படத்தின் கலை இயக்கத்தை ஏ. கே. சேகர் மேற்கொண்டார். அக்காலத்தில் கருத்துரு ஓவியர் என்ற தனிப் பதவி இல்லை. இன்று அப்பதவிக்குரிய பணி, கலை இயக்குநரின் பணிக்குள் அடங்கியிருந்தது.

கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வன் புதினத்துக்கு மணியம் வரைந்த படங்களும் இங்கு குறிப்பிடத்தக்கவை. அவை திரைக்காக வரையப்பட்டவை அல்ல. ஆயினும் வந்தியத்தேவன், நந்தினி, ஆழ்வார்க்கடியான் ஆகியோரின் தோற்றத்தை அவை வாசகர் மனத்தில் ஊன்றின. பின்னாளில் வினு, பத்மவாசன் முதலிய ஓவியர்கள் இக்கதைக்கு வரைந்தபோதும், மணிரத்னம் இயக்கத்தில் 2022, 2023ஆம் ஆண்டுகளில் திரைப்படமாக வந்தபோதும், பழைய வாசகர்கள் புதிய முகங்களை மணியத்தின் முகங்களோடு ஒப்பிட்டே பேசினர். எழுத்தில் இருந்த பாத்திரத்துக்கு முதலில் உருவம் தந்தவரின் தீர்மானம் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

கணினி வரைகலையின் வரவுக்குப் பின் பணிப்பிரிவினை விரிவடைந்தது. அதன் முக்கியக் கட்டங்கள் பின்வருமாறு:

* 2000: சென்னையைச் சேர்ந்த பென்டாமீடியா கிராபிக்சு நிறுவனம் பாண்டவர்களின் கதையை முப்பரிமாண இயங்குபடமாக வெளியிட்டது. அந்நிறுவனம் பங்கேற்ற சிந்துபாத் படம், முழுவதும் அசைவுப் பதிவு முறையில் உருவான முதல் முழுநீளப் படங்களுள் ஒன்று.
* 2010: எந்திரன் வெளியானது. தயாரிப்பு வடிவமைப்பாளர் சாபு சிரில் இப்படத்துக்காகத் தேசிய விருது பெற்றார். சிட்டி என்ற இயந்திரனுக்கான இயங்கு பொம்மைகளை அமெரிக்காவின் லெகசி எபெக்ட்சு நிறுவனம் செய்தது.
* 2014: அசைவுப் பதிவு முறையில் கோச்சடையான் வெளியானது.
* 2015: பாகுபலி படத்தின் முதற்பகுதி வெளியானது. சாபு சிரில் தயாரிப்பு வடிவமைப்பாளராகவும், விசுவநாத் சுந்தரம் கருத்துரு ஓவியர்களுள் ஒருவராகவும் பணியாற்றினர்.
* 2024: வேற்றுலக உயிரியை முதன்மைப் பாத்திரமாகக் கொண்ட அயலான் வெளியானது. இதன் காட்சி விளைவுகளைச் சென்னையின் பேந்தம் எப்எக்சு நிறுவனம் செய்தது.

தொழிற்சாலை வடிவமைப்புடன் உறவு

அறிபுனைப் பாத்திர வடிவமைப்பின் முன்னோடிகள் சிலர் தொழிற்சாலை சார்ந்த வரைபடப் பணியிலிருந்து வந்தவர்கள். இசுடார் வார்சு (1977) படத்துக்கு 1975 முதல் ஓவியங்கள் வரைந்த இரால்ஃப் மெக்குவாரி (1929–2012), அதற்கு முன்னர் போயிங் வானூர்தி நிறுவனத்தில் தொழில்நுட்ப ஓவியராக இருந்தார். பிளேடு ரன்னர் (1982) படத்தின் வாகனங்களை வடிவமைத்த சிட் மீடு (1933–2019), ஃபோர்டு நிறுவனத்தின் கார் வடிவமைப்புக் கூடத்தில் பணி தொடங்கியவர். ஒரு மூட்டு எங்கே மடங்கும், ஒரு கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று எண்ணிப் பழகியவர்கள் என்பதால் அவர்கள் வரைந்த கற்பனைப் பொறிகள் நம்பத்தக்கனவாக அமைந்தன.

இவ்வுறவைப் புரிந்துகொள்ளக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் தண்டலம் வட்டாரம் பொருத்தமான இடமாகும். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்த இவ்வூரில் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. அண்மையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் தொழிற்சாலையும், பின்னர் டைம்லர், ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலைகளும் அமைந்தன. இதே நெடுஞ்சாலையில் சென்னை நோக்கிச் சென்றால் செம்பரம்பாக்கம் அருகே ஈ.வி.பி. திரைப்பட நகர் உள்ளது. ஆக, வாகனம் செய்யும் கூடமும் கற்பனை உலகுக்கு அரங்கம் எழுப்பும் கூடமும் ஒரே சாலையில் அமைந்துள்ளன.

ஒரு காரின் புறவடிவமும் ஓர் இயந்திரனின் புறவடிவமும் ஏறக்குறைய ஒரே வழியில் பிறக்கின்றன. முதலில் கைவரைவு, அடுத்துக் களிமண் அல்லது கணினி மாதிரி, பின்னர் அளவுகள் குறித்த வரைபடம், இறுதியில் அச்சு வார்ப்பு என அவ்வழி அமைகிறது. எனினும் தொழிற்சாலை இருக்கும் இடத்திலேயே வடிவமைப்பும் நிகழ்வதில்லை. கார்களின் தோற்றம் பெரும்பாலும் நிறுவனங்களின் தாய்நாட்டில் உள்ள கூடங்களில் தீர்மானிக்கப்பட்டு வந்தது. 2025 ஏப்பிரலில் ரெனோ நிறுவனம் சென்னையில் ஒரு வடிவமைப்பு மையத்தைத் திறந்தது இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பொருத்தும் வேலையிலிருந்து வடிவத்தைத் தீர்மானிக்கும் வேலைக்கு ஒரு வட்டாரம் நகர முடியுமா என்ற வினா, கார்த் துறைக்கும் திரைத்துறையின் காட்சி விளைவுப் பிரிவுக்கும் பொதுவானதாகும்.

பணிமுறை

ஒரு பாத்திரத்தின் வடிவமைப்பு பொதுவாகப் பின்வரும் படிகளில் நடைபெறுகிறது.

* பணிக் குறிப்பு: பாத்திரத்தின் வயது, தொழில், குணம், கதையில் அதன் இடம், செய்ய வேண்டிய செயல்கள் ஆகியவற்றை இயக்குநர் அல்லது கலை இயக்குநர் தெரிவிக்கிறார்.
* சான்றுப் படங்கள்: உடை, கருவி, விலங்கு உடலமைப்பு, நிலம் ஆகியவை குறித்த ஒளிப்படங்களும் அருங்காட்சியகப் பொருள்களும் திரட்டப்படுகின்றன.
* சிற்றுருக்கள்: கட்டைவிரல் அளவில் பத்து முதல் நூறு வரையிலான சிறு வரைவுகள் விரைவாக வரையப்படுகின்றன. பெரும்பாலானவை கைவிடப்படும்.
* நிழலுரு: தேர்ந்த வரைவுகளின் உட்பகுதி முழுவதும் கருமையாக நிரப்பப்படுகிறது. அந்நிலையிலும் பாத்திரம் அடையாளம் தெரிந்தால் வடிவம் வலுவானது எனக் கொள்ளப்படும்.
* ஒளியும் வண்ணமும்: முதலில் இருள்-ஒளி அளவுகளும் பின்னர் வண்ணங்களும் முடிவு செய்யப்படுகின்றன.
* சுற்றுப் பார்வைத் தாள்: முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் ஆகிய தோற்றங்கள் ஒரே உயரக் கோடுகளில் அமையுமாறு வரையப்படுகின்றன.
* விளக்கத் தாள்: துணி, தோல், உலோகம் முதலிய பொருள்களும், மூட்டு, கொக்கி, தையல் முதலிய நுணுக்கங்களும் குறிப்புகளுடன் காட்டப்படுகின்றன.

கடைசி இரண்டு தாள்களே உருவாக்குநர்களின் மேசையில் இருப்பவை. மக்கள் நூல்களிலும் கண்காட்சிகளிலும் காணும் வண்ண ஓவியங்கள் இவற்றின் சிறு பகுதி மட்டுமே.

நல்ல வடிவமைப்பு கதையின் தேவையிலிருந்து எழுவதற்கு டார்த் வேடர் என்னும் பாத்திரம் சான்றாகக் கூறப்படுகிறது. அப்பாத்திரம் விண்வெளியில் ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்குச் செல்ல வேண்டியிருந்ததால், மூச்சு விடுவதற்கு முகமூடி தேவை என்று மெக்குவாரி கருதினார். அவ்வாறு நடைமுறைத் தேவைக்காக வரையப்பட்ட முகமூடியே பாத்திரத்தின் அடையாளமாக நிலைத்தது.

கனவுருப்புனைவும் அறிபுனையும்

இவ்விரு வகைகளுக்கும் அணுகுமுறை வேறுபடுகிறது. கனவுருப்புனைவு பெரும்பாலும் கடந்த காலத்திலிருந்து எடுக்கிறது. பழைய உடைகள், ஆயுதங்கள், கோயிற் சிற்பங்கள், நாட்டார் கதைகள் ஆகியன அதன் மூலங்கள். அறிபுனை செயல்பாட்டிலிருந்து தொடங்குகிறது. அந்த உயிர் எதை உண்ணும், அதன் உலகின் ஈர்ப்பு எவ்வளவு, அப்பொறி எதனால் இயங்கும் என்பன அதன் முதல் வினாக்கள். நடைமுறையில் இரண்டும் கலந்தே வருகின்றன. சுவிட்சர்லாந்து ஓவியர் எச். ஆர். கீகர் 1976இல் வரைந்த ஓர் ஓவியம் ஏலியன் (1979) படத்தின் உயிரிக்கு அடிப்படையாயிற்று. அதில் எலும்பும் எந்திரக் குழாயும் பிரித்தறிய முடியாதவாறு இணைந்திருந்தன.

யாளியைத் திரையில் நடக்க வைப்பதாகக் கொண்டால் இச்சிக்கல் விளங்கும். கல்லில் உள்ள யாளி தூணோடு நிற்பது. அதன் எடையைத் தூண் தாங்குகிறது. திரையில் வரும் யாளி தன் எடையைத் தானே தாங்கி ஓட வேண்டும். யானையின் தலை மிகவும் கனமானது. அதனால் அதன் கழுத்து குறுகியது, தரையை எட்டத் துதிக்கை நீண்டது. சிங்கத்தின் உடலோ வளையும் முதுகெலும்பும் இலகுவான தலையும் கொண்டது. சிங்க உடலில் யானைத் தலையைப் பொருத்தினால் முன்னங்கால்களும் தோளும் தடிக்க வேண்டும், அல்லது தலை சிறுக்க வேண்டும். முன்னதைத் தேர்ந்தால் யாளி மெதுவான, வலிய விலங்காகும். பின்னதைத் தேர்ந்தால் விரைவான வேட்டை விலங்காகும். எது சரி என்பதை உடற்கூறு சொல்லாது, கதையே சொல்லும். இவ்வாறு ஒவ்வொரு கோடும் பாத்திரத்தின் நடத்தையைப் பற்றிய ஒரு முடிவாக அமைகிறது.

கல்வியும் கருவிகளும்

இப்பணிக்குத் தனிப் பட்டம் கட்டாயமன்று. மனித, விலங்கு உடற்கூறு, தொலைவியல் தோற்றம், ஒளி, ஆடை மடிப்பு ஆகியவற்றைக் கண்ணால் கண்டு வரையும் பயிற்சியே அடிப்படையாகும். 1850இல் அலெக்சாண்டர் அண்டரால் தொடங்கப்பட்ட சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியிலும், கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியிலும் ஓவியப் பயிற்சி பெறலாம். தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் இயங்குபடமும் காட்சி விளைவும் கற்பிக்கப்படுகின்றன.

பென்சிலும் தாளும் இன்றும் பயன்படுகின்றன. வரைபலகையும் 1990இல் வெளியான ஃபோட்டோசாப் மென்பொருளும் பரவலாகக் கையாளப்படுகின்றன. கட்டற்ற மென்பொருள்களான கிரித்தா, பிளெண்டர் ஆகியவற்றைச் செலவின்றிப் பெறலாம் என்பதால் மாணவர்களுக்கு இவை ஏற்றவை. வேலை தேடுவோர் சான்றிதழைவிடத் தம் படைப்புத் தொகுப்பைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றனர். அதில் முடிந்த ஓவியங்களுடன் சிற்றுருக்களும் சுற்றுப் பார்வைத் தாள்களும் இடம்பெறுவது பயனளிக்கும். ஓவியர் எவ்வாறு எண்ணுகிறார் என்பதை அவையே காட்டும்.

உரிமையும் அறிந்தேற்பும்

கருத்துரு ஓவியத்துக்கெனத் தனி விருதுப் பிரிவு ஆசுக்கர் விருதுகளில் இல்லை. கீகர் 1980இல் பெற்ற ஆசுக்கர், காட்சி விளைவுகளுக்காகப் பலருடன் பகிர்ந்துகொண்டதாகும். படத்தின் பெயர்ப் பட்டியலில் இடம்பெறுவதும் ஒப்பந்தத்தைப் பொறுத்ததாகவே உள்ளது.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இத்தொழிலுக்குப் பொருந்தும். அதன் முக்கியக் கூறுகள்:

* பணி ஒப்பந்தத்தின்கீழ் ஊழியர் வரைந்த ஓவியத்தின் முதல் உரிமையாளர், மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, பணி கொடுத்தவரே ஆவார் (பிரிவு 17).
* ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன வண்ண ஓவியம் அல்லது உருவப்படத்துக்கும் இதே நிலைதான். ஆகவே தனித்து இயங்கும் ஓவியரும் எழுத்துவழி உடன்பாடு இல்லையெனில் உரிமையை இழக்க நேரிடலாம்.
* உரிமை மாற்ற ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படாவிடில் அது 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிடில் இந்தியா என்றும் கொள்ளப்படும் (பிரிவு 19).
* உரிமையை மாற்றிக் கொடுத்த பின்னரும், படைத்தவர் தாமே எனக் கோரும் உரிமையும், தம் மதிப்பைக் குலைக்கும் சிதைப்பைத் தடுக்கும் உரிமையும் ஓவியரிடமே இருக்கும் (பிரிவு 57).

கடைசிக் கூறு பலராலும் அறியப்படாதது. பணம் பெற்றுக்கொண்டதால் பெயரும் போய்விட்டது என்று கருத வேண்டியதில்லை என்பதே அதன் பொருளாகும்.

வரைந்தவர், வார்த்தவர், நிறுவனம் ஆகியோருக்கிடையே உரிமை எவ்வாறு பிரியும் என்பது எளிய வினாவன்று. இசுடார் வார்சு வீரர்களின் தலைக்கவசம் மெக்குவாரியின் ஓவியங்களை அடிப்படையாகக் கொண்டது. அதனை நெகிழியில் வார்த்தவர் ஆண்ட்ரூ எயின்சுவர்த் என்பவர். அவர் பின்னாளில் கவசங்களைத் தாமே விற்றபோது லூக்காசுபிலிம் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2011இல் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம், அக்கவசம் படத்துக்கான பயன்பாட்டுப் பொருளே அன்றிச் சிற்பமன்று என்று தீர்ப்பளித்தது. ஆயினும் அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியது குறித்த கோரிக்கையை அங்கு விசாரிக்கலாம் என்றும் கூறியது.

செயற்கை நுண்ணறிவின் தாக்கம்

2022ஆம் ஆண்டில் மிட்சர்னி, இசுடேபிள் டிஃபியூசன் முதலிய படமாக்கிக் கருவிகள் பொதுமக்களுக்குக் கிடைத்தன. சொற்களில் விவரித்தால் சில நொடிகளில் படம் தரும் இக்கருவிகள், இணையத்தில் உள்ள ஏராளமான ஓவியங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டவை. தம் படைப்புகள் இசைவின்றிப் பயன்படுத்தப்பட்டன எனக் கூறி, 2023 சனவரியில் ஓவியர் மூவர் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தனர். அவர்களுள் ஒருவரான கார்லா ஓர்ட்டிசு, டாக்டர் இசுட்ரேஞ்சு (2016) படத்தில் பணியாற்றிய கருத்துரு ஓவியர் ஆவார்.

இக்கருவிகள் முதலில் பாதிப்பது சிற்றுருக்கள் வரையும் தொடக்கக் கட்டத்தை. புதிதாகத் தொழிலுக்கு வருவோர் வழக்கமாகக் கற்றுக்கொள்ளும் கட்டமும் அதுவே. மறுபுறம், அழகான ஒரு படத்திலிருந்து முன்புறமும் பின்புறமும் பொருந்தும் அளவுத் தாளை உண்டாக்குவதும், மூட்டு மடங்குமா எனச் சரிபார்ப்பதும், இயக்குநரின் மறுப்புக்குக் காரணம் கண்டு திருத்துவதும் பொருளைப் பற்றிய புரிதலைக் கோருகின்றன. கருத்துரு ஓவியரின் பணி படம் தருவதா, முடிவு எடுப்பதா என்ற பழைய வினா இதனால் மீண்டும் எழுந்துள்ளது.

வேலை நிலையாமைக்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமன்று. 2025 பெப்ரவரியில் பிரான்சின் டெக்னிகலர் குழுமம் நிதி நெருக்கடியால் சரிந்தபோது, பெங்களூரு, மும்பை ஆகிய நகரங்களில் அதன் கூடங்களில் பணிபுரிந்த ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். வெளிநாட்டுப் பணிகளை நம்பிய கூடங்களின் நிலை, தாய் நிறுவனத்தின் நிலையோடு பிணைந்துள்ளதை இது காட்டியது.

இவற்றையும் பார்க்க

* அம்புலிமாமா
* கட்டைக்கூத்து
* யாளி
* அறிபுனை
* கனவுருப்புனைவு
* பதிப்புரிமை
* தயாரிப்பு வடிவமைப்பு